துருக்கிப் படத்தில் வந்த ஆள்

மண்டபத்தில் படம் ஓடும்போது மதலேனா கடைசி வரிசைக்குப் பின்னால், கதவோரத்துப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருப்பாள். யாரும் அவளுக்கென்று ஒதுக்கிய இடம் அல்ல அது. பதினொரு வருடத்தில் அப்படி ஆகிவிட்டது. யாராவது தண்ணீரைக் கொட்டினால் எழுந்து துடைக்க வேண்டும். இடைவேளைக்குத் தேநீர் கொண்டுவர வேண்டும். மற்ற நேரத்தில் அவள் படம் பார்க்கலாம். ஜேர்மன் படம், ஜப்பான் படம், ஈரான் படம் என்று, கண்டி வாவியிலிருந்து மேலேறும் பாதையில் உள்ள அந்தக் கலாசார மண்டபத்துக்கு வந்த எல்லா நாட்டுப் படங்களையும் அவள் பார்த்திருக்கிறாள். ஒன்றும் விளங்கியதில்லை. கீழே ஓடும் ஆங்கில எழுத்துகளை அவளால் வாசிக்க முடியாது. ஆகவே முகங்களை மட்டும் பார்ப்பாள்.

அதை ஒரு குறையாகவே எல்லோரும் நினைத்தார்கள், அவளும் அப்படித்தான் நினைத்தாள். மண்டபம் முழுவதும் எழுத்துகளைத் துரத்திக்கொண்டிருந்த மூன்று விநாடியில் அவள் ஒருத்தி மட்டும் ஒரு முகத்தைப் பார்த்ததற்கு இந்தக் குறைதான் காரணம்.

2024 ஒக்டோபரில் நடந்த துருக்கித் திரைப்பட விழா அது. வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள். முதல் நாள் மேடையில் இரண்டு நாட்டுக் கொடிகளையும் நட்டு, இரண்டு நாடுகளின் நட்பைப் பற்றி ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் பேசினார்கள். தமிழுக்கு ஒரு வணக்கம் கிடைத்தது. வந்தவர்களுக்குக் கொடுக்க, மாவு தூவிய இளஞ்சிவப்பு இனிப்புத் துண்டுகள் பெட்டி பெட்டியாக வந்திருந்தன. மண்டபத்தில் படம் போடுகிற நஸீப் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "நம்மட மஸ்கட் அல்வாதான், மதலேனாக்கா. மேலால கொஞ்சம் பவுடர் பூசி அனுப்பியிருக்காங்க" என்றான்.

முதல் படமே நட்பைப் பற்றியதுதான். சுனாமிக்குப் பிறகு துருக்கியிலிருந்து வந்த நிவாரணக் குழுவில் ஒரு தச்சர். தெற்குக் கரையில் ஒரு மீனவர். தச்சர் இருபது வருடம் கழித்து, கிழவராகி, அந்த மீனவரைத் தேடி வருகிறார். நல்ல படம் என்று சொல்ல முடியாது. தேவைக்கு மேல் இசை அழுதது. நட்பு என்று காட்ட வேண்டிய இடத்திலெல்லாம் இருவரையும் கடலைப் பார்த்தபடி நிற்க வைத்திருந்தார்கள். ஆனால் நடுவில் ஏழு நிமிடம் ஒரு பழைய வீடியோ வந்தது. குழுவில் இருந்த யாரோ கையில் பிடித்து எடுத்தது. யாருக்கும் காட்டுவதற்கென்று எடுத்ததல்ல. தென்னைகளுக்கு நடுவே கூடாரங்கள். எட்டு ஆண்கள் வரிசையாக நின்று பலகைகளைக் கைமாற்றுகிறார்கள். கெமராவுக்குப் பின்னாலிருந்து ஒருவர் துருக்கி மொழியில் ஏதோ கத்துகிறார். அது விளங்காமலே எல்லோரும் சிரிக்கிறார்கள். வரிசையில் மூன்றாவது ஆள், சிரிக்கும்போது புறங்கையால் வாயை மூடிக்கொள்கிறான்.

மதலேனா எழுந்தாள். கதிரை பின்னால் சரிந்து விழுந்தது. முன்னாலிருந்து யாரோ "ஷ்" என்றார்கள்.

அவளுடைய கணவன் ரொனி அப்படித்தான் சிரிப்பான். முன்பல் இரண்டு உடைந்த வாய். ரொனி இறந்து இருபது வருடம் ஆகப் போகிறது. சுனாமி வந்த அன்று இறந்தான். அந்த வீடியோவின் வலது மூலையில் மஞ்சள் இலக்கங்கள் இருந்தன. இலக்கங்களை அவளால் வாசிக்க முடியும். 19.01.2005.

மதலேனா வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். ஏழாம் வகுப்போடு கொழுந்து பறிக்கப் போனாள். இருபத்து மூன்று வயதில் ரொனியைக் கட்டிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்கு வந்தாள். ரொனி மரக்கறி லொறியில் உதவியாளாகப் போய்வந்தான். கண்டியிலிருந்து மாத்தறைக்குக் கரட்டும் லீக்ஸும் ஏற்றிப் போகும் லொறி. குடிகாரன் அல்ல, அடித்தவன் அல்ல. அதற்காகப் பெரிதாகப் புகழவும் ஒன்றும் இல்லை. வீட்டில் இருக்கும்போதும் பாதி வெளியில் இருப்பது போன்ற ஆள். பாதையில் லொறிச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு எந்த லொறி என்று சொல்வான்.

2004 டிசம்பர் 25, நத்தார் அன்று அவர்கள் சண்டை போட்டார்கள். மறுநாள் தோட்டத்தில் அவளுடைய அம்மா வீட்டுக்குப் போவதென்று ஒரு மாதமாகப் பேச்சு. நத்தார் அன்று மத்தியானம்தான் ரொனி சொன்னான், பின்னேரம் லொறி புறப்படுகிறது, தான் போகிறேன் என்று. ஆறு வயது றேணுகா புதுச் சட்டையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே லொறி ஹோர்ன் அடித்தது. மதலேனா வாசலில் நின்று சொன்னாள்:

"போனா அப்படியே போயிரு. திரும்பி வந்துறாத."

ரொனி புறங்கையால் வாயை மூடிச் சிரித்துவிட்டுப் படியிறங்கினான்.

லொறியைத் தெற்குக் கரையில் வெலிகமவுக்கு அப்பால் ஒரு தென்னந்தோப்பில் கண்டெடுத்தார்கள். சாரதி உள்ளேயே கிடந்தார். ரொனி இல்லை. மதலேனாவின் அண்ணன் இரண்டு தடவை போய், ஆஸ்பத்திரிச் சுவர்களில் ஒட்டியிருந்த படங்களையெல்லாம் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த வருடம் நடுவில் மரணச் சான்றிதழ் வந்தது. அந்த வருடம் நவம்பரில் அவள் ரொனியின் பெயரை எழுதிக் கொடுத்தாள்.

இதைச் சொல்ல வேண்டும். நவம்பர் இரண்டாம் திகதி, இறந்தவர்களின் நினைவு நாள். ஒரு வாரம் முன்பே கோயிலில் ஒரு தாள் கொடுப்பார்கள். ஒவ்வொரு வீடும் தன் இறந்தவர்களின் பெயர்களை எழுதி உபதேசியாரிடம் கொடுக்க வேண்டும். அன்றைய பூசையில் அவர் எல்லாப் பெயர்களையும் உரத்து வாசிப்பார். பத்துப் பெயருக்கு ஒரு தடவை கோயில் முழுவதும் சேர்ந்து அவர்களுக்கு நித்திய இளைப்பாறுதல் கேட்கும். மதலேனாவின் தாளில் இப்போது ஐந்து பெயர்: அப்பா, பின்னால் இறந்த அம்மா, அண்ணன், றேணுகாவுக்கு முன் பிறந்து பெயர் மட்டும் வைக்கப்பட்ட ஆண்பிள்ளை, கடைசியில் ரொனி. பத்தொன்பது நவம்பர் அவள் அந்தப் பெயரை எழுதினாள்.

தன் சொல்தான் அவனைக் கொன்றது என்று அவள் நம்பினாள். சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள். ஒரு சொல் கடலை எழுப்பாது என்று சுவாமி சொன்னார். அது அவளுக்கும் தெரியும். தெரிவதும் ஆறுவதும் ஒன்றல்ல. வேறு யாரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை. வீடுகளில் துணி துவைத்தாள், பிறகு மண்டபத்துக்கு வந்தாள், மகளை ஆசிரியை ஆக்கினாள். அந்தச் சொல்லோடு எப்படி வாழ்வதென்று ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். வருடத்துக்கு ஒரு தடவை அவன் பெயரைச் சொல்லக் கேட்பது, எல்லோரோடும் சேர்ந்து அவனுக்காகக் கேட்பது. அந்த வழியில் நடக்க முடிந்தது, அவன் இறந்தவனாக இருந்த வரையில்.

படம் முடிந்து ஆட்கள் போன பிறகு அவள் நஸீப்பிடம் போனாள்.

"தம்பி, அந்தப் பழைய வீடியோ வந்திச்சே, அத இன்னொருக்கா போட ஏலுமா?"

"என்னக்கா, படம் அவ்வளவு புடிச்சிட்டா? எனக்குக் கொட்டாவியால தாடையே நோவுது."

"எங்க வீட்டுக்காரர் அதுல இருக்காரு."

நஸீப் சிரிக்கத் தொடங்கி, நிறுத்தினான். எட்டு வருடமாக அவளோடு வேலை செய்கிறவன். லப்டொப்பைத் திறந்து, அந்த இடத்தைத் தேடிப் பிடித்தான்.

"இதுல எந்த ஆளு? செல்லுங்க."

"மூணாவது. சிரிப்பாரு பாருங்க. இப்ப. நிப்பாட்டுங்க."

நிறுத்தினான். முகம் சாம்பல் நிறக் கட்டங்களாக உடைந்தது. மூக்கு இருந்த இடத்தில் ஒரு கட்டம், கண் இருந்த இடத்தில் ஒரு கட்டம்.

"இது ஆளே இல்லக்கா. வெறும் புள்ளி."

"ஓடவிடுங்க."

ஓடியது. ரொனி சிரித்தான்.

"இப்ப நிப்பாட்டுங்க."

கட்டங்கள்.

ஆறு தடவை அப்படிச் செய்தார்கள். ஓடும்போது அவன் இருந்தான்; நிறுத்தினால் இல்லை. உயிரோடு இருக்கிறவர்களும் அப்படித்தான் என்று வேறொரு நாளில் வேறொருவர் வாதம் செய்யலாம். மதலேனாவுக்கு அந்த வாதம் உதவியிராது. அவளுக்கு நின்று பார்க்க ஒரு முகம் வேண்டியிருந்தது.

"தேதியப் பாத்தீங்களா, தம்பி?"

"கெமராட தேதிய நம்ப ஏலாக்கா. எங்கட ஊட்டுக் கெமராவுல இன்னமும் ரெண்டாயிரமாம் ஆண்டுதான் ஓடுது."

"பிழையாவே இருக்கட்டும். அந்த நாட்டுக்காரங்க வந்தது அலை வந்த பொறகுதானே?"

நஸீப் லப்டொப்பை மூடினான். பிறகு, "விழாக்காரங்களுக்கு ஒரு மெயில் போட்டுப் பாக்கிறேன். நீங்க ராவைக்குத் தூங்குங்க" என்றான்.

அவள் தூங்கவில்லை. இறந்தவர்கள் நமக்குச் செய்யும் பெரிய உதவி, ஓரிடத்தில் இருப்பது. அவன் எங்கே என்ற கேள்வி இருபது வருடமாக அவளுக்கு இருந்ததில்லை. இப்போது எல்லா இடத்திலும் அவன் இருக்கலாம். மாத்தறையில், மன்னாரில், கீழே பஸ் நிற்கும் இடத்தில். இருந்தால் ஐம்பத்தெட்டு வயது. அதைவிட ஒரு விஷயம் அவளை எழுந்து உட்கார வைத்தது. அலை அவனைக் கொண்டுபோயிருந்தால், அவள் சொன்னது ஒரு கோபக்காரியின் சொல், அவ்வளவுதான். அவன் அலையிலிருந்து தப்பி, கரையில் நின்று பலகை சுமந்து, சிரித்து, அதன் பிறகும் வீட்டுக்கு வராமல் விட்டிருந்தால், அவள் சொன்னபடி செய்திருக்கிறான். பத்தொன்பது நவம்பர் முந்நூறு பேர் சேர்ந்து ஒரு உயிருள்ள மனிதனுக்கு இளைப்பாறுதல் கேட்டிருக்கிறார்கள். அப்படிக் கேட்டால் அந்த மனிதனுக்கு என்ன ஆகும்?

அந்தப் படம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இன்னொரு தடவை போடப்பட்டது. மதலேனா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "ஒரு படத்துல அப்பா மாதிரி ஒரு ஆளு வர்றாரு, வந்து பாரு" என்று மட்டும் சொல்லியிருந்தாள். எந்த இடம், எப்படிப்பட்ட ஆள் என்று எதுவும் சொல்லவில்லை. றேணுகாவுக்கு ஜனவரியில் கல்யாணம். மாப்பிள்ளை கம்பளைக்காரர். செய்ய நூறு வேலை இருந்தது. அம்மாவோடு வாதாடுவதைவிடப் படத்தைப் பார்ப்பது சுலபம் என்று வந்தாள்.

பின்வரிசையில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். தச்சர் வந்தார், கடல் வந்தது, இசை அழுதது. பழைய வீடியோ தொடங்கியது. தென்னைகள், கூடாரங்கள். எட்டுப் பேர் வரிசையில் நின்று பலகைகளைக் கைமாற்றத் தொடங்கினார்கள். இன்னும் யாரும் சிரிக்கவில்லை.

"அது அப்பா இல்ல" என்றாள் றேணுகா.

"எது?"

"அந்த ஆளு. அப்பா இல்ல. வாங்கம்மா, போவோம்."

"எந்த ஆளுன்னு நா இன்னும் காட்டவே இல்லையே, றேணு."

 திரையில் மூன்றாவது ஆள் புறங்கையால் வாயை மூடிச் சிரித்தான். மகள் கீழே குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றது. கீழே மகாவலி கலங்கி ஓடியது.

"கல்யாணக் காட் அச்சுக்குக் குடுத்தாச்சு" என்றாள் றேணுகா, வெளியே பார்த்தபடி. "காலஞ்சென்ற ரொனின்னு போட்டிருக்கு. டிசம்பர்ல கோயில்ல மூணு ஞாயிறு கல்யாண அறிவிப்பு வாசிக்கப் போறாங்க. கம்பளைக்காரங்க வந்து உக்காந்திருப்பாங்க. நா என்ன சொல்லணும்? காலஞ்சென்றவர் படத்துல நடிச்சிருக்காருன்னா?"

"நா ஒண்ணும் சொல்லச் சொல்லல."

"இருந்தா இருபது வருசத்துல ஒருக்கா வந்திருக்க மாட்டாரா? ஒரு கடுதாசி? வராத ஆளு செத்த ஆளுதான்."

"நாதானே வராதன்னு சொன்னேன்."

றேணுகா திரும்பினாள். அம்மா இதை முதல் தடவையாகச் சொல்கிறாள். மதலேனா மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டு முழுவதையும் சொன்னாள். நத்தார், லொறி ஹோர்ன், வாசல். சொல்லி முடிக்கும்போது பஸ் பாலத்தைத் தாண்டியிருந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள் றேணுகா. "எனக்கும்தான் தினமும் சொல்றீங்க, எங்கயாச்சும் போய்த் தொலைன்னு. நா போயிட்டேனா?"

"நீ சிரிக்கலயே."

முன்சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். றேணுகா அம்மாவின் கையைப் பிடிக்கப் போய், பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டில், இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே ரொனியின் படம் இருந்தது. அதற்கு ஒரு பிளாஸ்டிக் மாலை. ஞாயிறு இரவு மதலேனா அந்த மாலையைக் கழற்றி அலுமாரியில் வைத்தாள். திங்கள் பின்னேரம் அவள் வேலையால் வந்தபோது மாலை படத்தில் இருந்தது. செவ்வாய் காலை கழற்றினாள். புதன்கிழமை இருந்தது. ஒன்பது நாளில் அந்த மாலை நாலு தடவை இறங்கி ஏறியது. அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு சொல்லும் பேசவில்லை. சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்கள், சாரியின் நிறத்தைப் பற்றிப் பேசினார்கள். வாசலில் காலடி கேட்டால் இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்தான், எப்போதும்.

நஸீப்பின் மெயிலுக்குப் பதில் வந்தது. வீடியோவை எடுத்தவர் இறந்துவிட்டார். இடம் வெலிகமவுக்குப் பக்கத்தில். பலகை தூக்கியவர்கள் பல ஊர்களிலிருந்து வந்து சில நாள் தங்கிப் போனவர்கள். யாரும் பெயர் எழுதி வைக்கவில்லை. தங்கள் படம் கண்டியில் ஒரு பார்வையாளரை இவ்வளவு தொட்டதற்கு மகிழ்ச்சி என்று கடைசியில் எழுதியிருந்தார்கள். நஸீப் அந்தக் கடைசி வரியை மொழிபெயர்க்கவில்லை.

"ஒண்ணும் தெரியாதாம், அக்கா. ஆனா வெலிகமதானாம்."

"வெலிகம" என்றாள் மதலேனா. பிறகு வாளியை எடுத்துக்கொண்டு மாடிப்படிகளைத் துடைக்கப் போனாள்.

பெயர் எழுதும் தாளை உபதேசியார் யாகப்பரிடம் அவள் வழக்கமாக முதல் ஆளாகக் கொடுப்பாள். இந்த வருடம் கடைசி நாள் கொண்டுபோனாள். யாகப்பர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வாசித்தார். அந்தப் பங்கில் யார் வீட்டில் யார் யார் இறந்தார்கள் என்பது அவருக்கு மனப்பாடம்.

"என்ன மதலேனா, நாலுதான் இருக்கு. ரொனிய விட்டுட்ட?"

"இந்த வருசம் வேணாங்க."

"ஏன், மோட்சம் போய்ச் சேந்துட்டாருன்னு கடுதாசி வந்துருச்சா?" அவர் தன் பகிடிக்குத் தானே சிரித்தார்.

"கடுதாசி ஒண்ணும் வரலங்க" என்றாள் மதலேனா.

அவள் சொன்ன விதத்தில் அவர் சிரிப்பை நிறுத்தினார். தாளை மடித்து மற்றத் தாள்களோடு வைத்தார்.

நவம்பர் இரண்டு அந்த வருடம் சனிக்கிழமை. காலையிலேயே கோயில் நிரம்பி, இடம் கிடைக்காதவர்கள் வாசலில் நின்றார்கள். புழுக்கத்துக்காகப் பெரிய கதவை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். மதலேனாவும் றேணுகாவும் பெண்கள் பக்கத்தில் ஐந்தாவது வாங்கில் இருந்தார்கள்.

பூசையின் நடுவில் யாகப்பர் தாள்களோடு எழுந்து மைக்குக்கு முன்னால் போனார். வாசிக்கத் தொடங்கினார். பத்துப் பெயர், பிறகு எல்லோருடைய குரலும். பத்துப் பெயர், பிறகு எல்லோருடைய குரலும். மதலேனாவின் வீட்டுப் பெயர்கள் வந்தன. அப்பா. அம்மா. அண்ணன். பெயர் மட்டும் இருந்த பிள்ளை. பிறகு அடுத்த வீட்டுப் பெயர் வந்தது. அவள் மூச்சை விட்டாள். ஒருவனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாள். அவன் இருந்தால், எங்கே இருந்தாலும், இன்றைக்கு அவனை யாரும் தூங்கச் சொல்லமாட்டார்கள். அவளால் அவனுக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான். தன் சொல்லைத் திருப்பி எடுக்க அவளுக்குக் கிடைத்த ஒரே வழியும் அதுதான்.

தாள்கள் முடிந்தன. யாகப்பர் கடைசியாக ஒரு சிறு துண்டைப் பிரித்தார். பாடசாலைக் கொப்பியிலிருந்து கிழித்த துண்டு. அதில் ஒரு பெயர்தான் இருந்தது. அவர் கண்ணாடியைச் சரிசெய்து, மதலேனா இருந்த பக்கம் ஒரு கணம் பார்த்துவிட்டு வாசித்தார்.

"சவரிமுத்து ரொனி."

மதலேனா மகளைப் பார்த்தாள். றேணுகா பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கண்கள் நிறைந்திருந்தன, கீழ்த்தாடை இறுகியிருந்தது. எழுதியது தான் என்பதை மறைக்க அவள் முயலவில்லை.

கோயில் முழுவதும் ஒரே குரலில் இளைப்பாறுதல் கேட்டது. றேணுகாவும் கேட்டாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் உரத்து. மதலேனாவின் வாய் திறக்கவில்லை. அவள் மெல்லத் திரும்பி, வாங்கின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பின்னால் பார்த்தாள். திறந்த கதவில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பின்னாலிருந்து வெயில் அடித்ததால் ஒருவருடைய முகமும் தெரியவில்லை.

பெயர் கூப்பிட்டாயிற்று. கூப்பிட்ட ஆள் எழுந்து உள்ளே வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் அவள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.